பேருந்தில் ஒரு பனையேறிக் கெண்டை

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர், ஏரிக்கரையில் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பியவர்கள். இளையவனின் காலடியில் ஒரு வாளி.

"வாளிக்கு மூடி போடலியா மச்சான்?" என்றார் பெரியவர்.

"மீனு இன்னா, எழுந்து நடந்தா பூடும்?"

"பனையேறிக் கெண்டைடா அது. தண்ணி இல்லாங்காட்டியும் நடக்கும்."

இளையவன் குனிந்து பார்த்தான். வாளி காலி.

"ஐயோ அண்ணாத்த! காலைலேர்ந்து குந்திகினு புடிச்ச ஒரே மீனு. வூட்ல மசாலா அரைச்சி ரெடியா கீது."

"வாராவாரம் வெறுங்கையோட போற. இன்னிக்கி அந்த மசாலாவ உன் மேல தடவி வறுக்கப் போறா உன் சம்சாரம்."

நான் உள்ளங்கை நீள மீனுக்குப் பயந்து இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டேன். கணுக்காலில் ஏதோ உரசியதும் துள்ளிப்போய்க் கம்பியைக் கட்டிக்கொண்டேன். உரசியது என் வேட்டி நுனிதான்.

மீன் அதற்குள் முன்படிக்கட்டுவரை போயிருந்தது. இளையவன் பாய்ந்து துண்டைப் போட்டு அமுக்கினான்.

"பாத்தியா மச்சான்?" என்றார் பெரியவர். "மீனு கம்முனு எறங்கப் பாத்துச்சி. பின்னாடி சார்தான் துடிச்சிகினு கீறாரு."