எந்தப் பக்கம் சாய்வது

நிறம் பார்த்து வண்டி வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். குளிர்காலத்தில் கூரைக்குள் நடக்கும் மட்டக்குதிரை வண்டிப் போட்டிக்கு நிறமா சோறு போடும்? மணல் பரப்பிய கொட்டகை, நாலு பக்கமும் பலகைச் சுவர், உச்சியில் பந்து வைத்த கூம்புகளுக்கு நடுவே தட்டாமல் நுழைய வேண்டும், எங்கே பார்த்தாலும் வளைவு. அங்கே வேண்டியது தாழ்வான, அகலமான, கனத்த வண்டி. இது தெரியாமல்தான் என் சிநேகிதி பாவ்க்யாவுக்கு அந்தச் சிவப்புச் சக்கர வண்டியைச் சிபாரிசு செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் காவல் நிலையத்தில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை போலிருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்காருவார். பின்படியில் ஒருவர் நிற்பார். வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். நிற்பவர் உட்பக்கம் சாய்ந்து அதைத் தரையோடு அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். அப்படிப் பார்த்தால் பின்னால் நிற்பவரை நம்பவில்லை என்று அர்த்தம். பாவ்க்யா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை குளிர்காலங்களிலும் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் படிதான் இருந்தது.

போட்டிக் கொட்டகையின் சிற்றுண்டிக் கடையில் பட்டாணி சூப் வாங்க நின்றபோதுதான், கடைக்காரியிடம் பாவ்க்யா என்னைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது.

"கேஸ்கேக்கு முழங்கால் போச்சு. படியில ஏறவே ஆள் பிடிச்சு விட வேண்டியிருக்கு. இந்த வருஷம் என் மருமக மாரிட்டை நிறுத்தலாம்னு இருக்கேன்."

"கேஸ்கே சும்மா விடுவாளா?"

"ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுப்பா. அப்புறம் கேக் கொண்டு வருவா பாரு."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது, அதை மறைப்பானேன். சூப்பை வாங்கிக் குடித்தேன். அன்று உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமைதான் வண்டி பார்க்கப் போனோம். ஆமாம், அதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். வியாபாரி நல்ல மனிதர். "கூரைக்குள்ள ஓட்டவா? அப்ப கண்ணை மூடிக்கிட்டு இந்தச் சாம்பல் வண்டிய எடுங்க. புதுசா நிக்கிறவங்க தப்பு பண்ணினாக்கூட இது தாங்கும்" என்றார். பக்கத்திலேயே சிவப்புச் சக்கரங்களோடு அந்த ஒல்லி வண்டி நின்றது. உயரம், லேசு, பார்க்க அழகு.

"இது என்னடி, ரொட்டிக்கடை வண்டி மாதிரி?" என்றேன் சாம்பல் வண்டியைக் காட்டி. "கூம்புக்கு நடுவுல நுழையும்போது இடிச்சு மேல இருக்கிற பந்தையெல்லாம் தள்ளிவிட்டுரும். ஒல்லியா இருந்தாதான் உனக்குச் சரி."

"நீ சொன்னா சரிதான்" என்றாள் பாவ்க்யா. பாருங்கள், எவ்வளவு நம்பிக்கை.

பிறகு ஒருநாள் மாரிட் தானாகவே என்னைத் தேடி வந்தாள். நல்ல பெண். என் இடத்தைப் பிடித்துக்கொண்டதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டாள். "கேஸ்கே அத்தை, திரும்புறப்ப எந்தப் பக்கம் சாயணும்? சைக்கிள் மாதிரி உள்பக்கந்தானே?"

"இது என்ன சைக்கிளா கண்ணு? வெளிப்பக்கம் சாயணும். அப்பதான் சக்கரம் மணலைக் கவ்வும்."

நாங்கள் ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள், நடை பழகும்போதே சைக்கிளும் பழகிவிடுகிறோம். அந்தப் பெண்ணின் உடம்புக்குச் சரியான பதில் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் அத்தை சொன்னதைக் கேட்டாள். மெதுவாக ஓட்டிப் பழகியபோது ஒன்றும் ஆகவில்லை. முன்னால் இருப்பவள்தான் திரும்பிப் பார்க்க மாட்டாளே.

போட்டியன்று குதிரை பறந்தது. சுவரோரம் வலப்பக்கம் திரும்பும்போது மாரிட் நான் சொல்லிக்கொடுத்தபடியே இடப்பக்கம் சாய்ந்தாள். "உள்ளே! உள்ளே!" என்று சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. வாயில் ரொட்டி இருந்தது.

வண்டி இடப்பக்கம் கவிழ்ந்தது. மாரிட்டுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, அது கூடிவிடும். பாவ்க்யா சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கினாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. குதிரைக்கு ஒரு கீறலும் இல்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.

மாரிட் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். நான்தான் செய்தேன். ஆனால் லேசாகக் கவிழ்ந்தால் போதும், நான் இல்லாமல் முடியாது என்று பாவ்க்யாவுக்குப் புரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீங்களே விசாரித்துப் பாருங்கள், மருத்துவமனையில் முதல் நாளிலிருந்து கூடவே இருந்தவள் நான்தான். அவளுக்கு இரண்டு சக்கர நாற்காலிகள் காட்டினார்கள். ஒன்று பொத்தானை அழுத்தினால் தானே ஓடும். அவளுடைய கை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தும் அது அவளுக்குப் பயமாக இருக்கும் என்று சொல்லி, தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுங்கள். சாயங்காலம் அவளைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போக வேண்டும். நான் போகாவிட்டால் அவளால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது, பாவம்.