ரத்த அழுத்தம் உண்டா? ஆம்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியபடி. வயது ஐம்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். பயண ஏஜெண்டு மீது மூன்று குடும்பத்தார் கொடுத்திருக்கும் புகாரில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக, கடந்த மார்ச் மாதம் நானும் என் வீட்டுக்காரரும் அந்த ஏஜெண்டிடம் டிக்கெட் எடுத்தோம். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். பயணக் காப்பீட்டுப் படிவத்தையும் ஏஜெண்டே நிரப்பினார். ரத்த அழுத்தம் உண்டா என்ற இடத்தில் எங்களைக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டார். என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷமாக இருக்கிறதே என்றேன்.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடுறேன். உண்மையச் சொன்னா கூடக் கட்டணும்" என்றார். என் வீட்டுக்காரரும் தலையைத் தலையை ஆட்டினார். மாத்திரையை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற மனிதர் வேறென்ன செய்வார்?

அதன் பிறகு வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு நான் தைத்த சட்டை ஒன்றுகூடப் பொருந்தியதில்லை. மறுநாள் தனியாகப் போய் 'ஆம்' என்று திருத்த வைத்து, கூடுதல் தொகையைக் கட்டிப் புதுத் தாள் வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மகள் வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில், இதயத்தில் அடைப்பு, அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். மகள் வீட்டை விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதன் பிறகு காப்பீட்டு அதிகாரி போனில் வந்து, முன்பே ரத்த அழுத்தம் இருந்ததா என்று என்னைக் கேட்டார். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர், "இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு" என்று கையை ஆட்டினார்.

நான், "ஆமா சார், எட்டு வருஷமா இருக்கு" என்றேன். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி, படிவத்திலும் அப்படித்தான் இருக்கிறது, ஒப்புதல் அனுப்புகிறோம் என்றார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அறுவை முடிந்து மூன்றாம் நாள் அவர் பேசிய முதல் பேச்சு, "என்னை நோயாளின்னு எழுதிக் கொடுத்துட்டியா?" என்பதுதான். ஆமாம் என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறாரே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

புகார் கொடுத்த மூன்று வீட்டுக்கும் 'இல்லை' என்றே எழுதியிருந்ததால் பணம் மறுக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை நான் பார்க்கவில்லை. என் எதிரில் ஏஜெண்டு எழுதியதை மட்டும் பார்த்தேன். இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் கூட்டியோ குறைத்தோ இல்லை.

(கையொப்பம்)