தாய் இறந்து நான்கு மாதத்தில் பிறந்தவன்

"ஹலோ... ஹலோ, சிங்கப்பூரோ?... ஓம், ஓம், அத்தான், நான் கார்த்திகேசு... ஆபீசிலயிருந்துதான் கதைக்கிறன். உங்கட தந்தி இப்பதான் கிடைச்சது. என்ன நடந்தது? பெடியனைத் திருப்பி அனுப்பிப் போட்டாங்களோ?"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே அலுவலகத்தில் இருந்த ஒரே தொலைபேசி துரையின் மேசைமேல் இருந்தது. துரை பந்திங் பக்கம் போயிருந்த தைரியத்தில்தான் தலைமைக் கிளார்க் கார்த்திகேசு அந்த அறைக்குள் நுழைந்திருந்தார். வாய்க்குழலைக் கையால் மூடிக்கொண்டு குனிந்து பேசினார். அரைக்கதவுக்கு அப்பால் மூன்று கிளார்க்குகள், மூன்று தட்டச்சுப் பொறிகள். கம்பியின் மறுமுனையில், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கந்தையா. கார்த்திகேசுவின் இறந்துபோன முதல் மனைவி நேசம்மாவின் அண்ணன். கடற்படைத் தொண்டர் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகன் பரமநாதன் முந்தாநாள்தான் மாமன் வீட்டுக்கு ரயிலேறியிருந்தான். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே முதல் நிபந்தனை.

"வயசு காணாதெண்டோ?... ஓம், பள்ளிக்கூடச் சேட்டிபிக்கட்டில அப்பிடித்தான் கிடக்கும். இருபத்தொண்டாம் ஆண்டு, மார்ச்... ஓம், பதினேழுதான் வரும். அதுக்கென்ன அத்தான், ஒரு வருசம் பொறுத்துப் போகட்டும்... என்ன, இன்னும் இருக்கோ?... என்ன பத்திரம்?... நேசத்தின்ர மரணப் பத்திரமோ? அதை ஏன் இவன் கொண்டு போனவன்?"

காரணம் எளிது. படையில் சேர்பவனுக்கு ஏதாவது நேர்ந்தால் யாருக்கு அறிவிப்பது என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். தாய் உயிரோடு இல்லை என்று எழுதியவன், அதற்கு அத்தாட்சியும் கேட்பார்கள் என்று எண்ணி வீட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் போயிருந்தான். நேசம்மா இறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, நவம்பர். இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்தால் கணக்குத் தெரியாதவனுக்கும் தெரியும்: தாய் இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்திருக்கிறான் பிள்ளை.

"என்னெண்டு கேட்டவங்களாம்?... ம்... ம்... சிரிச்சவங்களோ? எத்தினை பேர்?... இவன் என்ன சொன்னவன்?... பத்திரத்தை மடிச்சுக்கொண்டு வெளியில வந்திட்டானோ... ஓம் அத்தான். என்ர வேலைதான்... குறைச்சுப் போட்டன்... கேக்கேல்லையோ? பக்கத்தில ஆக்கள், நான் மெல்லத்தான்... வயசை, அத்தான். வயசை... ரெண்டு வருசம். ரெண்டு!"

தூரத்துக் கம்பியின் குணம் அது. கோலாலம்பூரில் புறப்படும் குரல் ஒவ்வொரு மைலுக்கும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே போகும். கிசுகிசுப்பு பாதி வழி கூடத் தாங்காது. இரகசியமானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கார்த்திகேசு கத்தினார். அரைக்கதவுக்கு அப்பால் ஒரு தட்டச்சுப் பொறி நின்றது.

வயதைக் குறைப்பது ரயில்வே கிளார்க்குகள் குடியிருந்த தெருவில் புதிதல்ல. அரசாங்க உத்தியோகத்தில் ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வயது குறைத்து எழுதிவிட்டால் பிள்ளைக்குச் சேவை இரண்டு வருஷம் நீளும், பென்ஷன் கூடும். பரீட்சையில் தவறினாலும் மறுபடி எழுத வயது இடம்கொடுக்கும். செய்யும் முறையும் சுலபம். பிறப்புப் பத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று நீதவானுக்கு முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அவர் கையெழுத்திட்ட தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கார்த்திகேசு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து இதை விளக்கியிருக்கிறார். வெளியே தட்டச்சில் இருக்கும் கிளார்க் தம்பு தன் மூத்தவனுக்குச் செய்ததும் அவர் சொல்லிக்கொடுத்துத்தான். எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவர் அழித்த அந்த இரண்டு வருஷத்துக்குள்தான் நேசம்மா பிள்ளையைப் பெற்று, வளர்த்து, இறந்துபோயிருந்தாள்.

"மறந்துபோனன்... இல்லை, இல்லை, அவவை மறக்கேல்லை அத்தான். அந்தத் தேதியை... ஓம். நீங்கள் பேசத்தான் வேணும். பேசுங்கோ... ஓம்... ஓம்... இப்ப ஒரு வழி இருக்கு, கேளுங்கோ. தாயெண்ட இடத்தில குணேஸ்வரியின்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. ரெண்டாந்தாரமெண்டாலும் அவதானே வளர்த்தவ. அந்த மரணப் பத்திரத்தை மறைச்சுப்போட்டு, அடுத்த வருசம் புதுசா எழுதிக் குடுத்தால்... கலியாணமோ? எங்கட கலியாணம் இருபத்திரண்டில... ஓம், அதுவும் இடிக்குது. ஆர் அதைக் கேக்கப் போறான்?... எனக்கு வேற வழி இல்லை. நான் பொய்ச் சத்தியம் பண்ணினது தெரிஞ்சால் இந்தக் கதிரை போயிடும், விளங்குதோ?... அத்தான்?... அத்தான், இருக்கிறியளோ?"

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"ஆரது?... பரமுவோ?... எப்ப துவக்கம் நிக்கிறாய்?... முதல்லயிருந்தோ? மாமா குழலை உனக்கும் கேக்கப் பிடிச்சவரோ?... குணேஸ்வரியின்ர பேரைச் சொன்னதும்... கேட்டனியோ."

கார்த்திகேசு துரையின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். தன்னைப் பெற்ற தாயைக் காகிதத்திலிருந்து தகப்பன் இரண்டாம் முறையும் அழிக்கப் பார்த்ததைப் பிள்ளை முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

"இல்லையடா. நேசம்மாதான் உன்ர அம்மா. அதில ஒரு சந்தேகமும் வேண்டாம்... அவங்கள் சிரிச்சது உன்னைப் பார்த்தில்லை, பரமு. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சிருக்கோணும்... ஓம், கேள். நல்லாக் கேள்... ஓம்... ஓம்... பொறு, ராசா, எக்ஸ்சேஞ்சிலயிருந்து கேக்கினம். யெஸ், மிஸ்... யெஸ், அனதர் த்ரீ மினிட்ஸ், ப்ளீஸ்... பரமு, நிக்கிறியோ?"

மற்ற இரண்டு தட்டச்சுப் பொறிகளும் எப்போதோ நின்றுவிட்டிருந்தன. கார்த்திகேசு வாய்க்குழலை மூடியிருந்த கையை எடுத்தார். நிமிர்ந்து நின்றார்.

"உனக்குப் பத்தொன்பது வயசு. பத்தொன்பது முடிஞ்சு நாலு மாசம். நீதவானுக்கு முன்னால நான் சொன்னது பொய்... ஓம், இஞ்ச எல்லாருக்கும் கேக்குது. கேக்கட்டும்... பத்திரத்தைக் கறையான் தின்னேல்லை. என்ர பெட்டிக்குள்ளதான் கிடக்கு. பத்து வருசத்துக்கு மேல... இப்ப வீட்டை போய் அதை எடுத்துக்கொண்டு நீதவானிட்டப் போறன். உண்மையை எழுதிக் கையெழுத்து வைச்சு, ராத்திரி மெயிலில மாமாவுக்கு அனுப்புவன். எத்தினையாம் தேதி மட்டும் பேர் எடுப்பாங்கள்?... சனிக்கிழமையோ. அப்ப நாள் காணும்... என்ர வேலையோ? என்ன செய்வாங்களோ தெரியாது. அது நீ யோசிக்கிற விசயமில்லை."

மறுமுனை பேசிற்று. கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவ போகேக்க உனக்கு இருபது மாசம்... ஓம், கண்டவ. நீ நடந்ததைக் கண்டவ. கிள்ளானில எங்கட குவாட்டர்ஸ் படியால நீ இறங்கி ஓட, பின்னால வந்து சட்டையில பிடிப்பா... பேசினனியோ தெரியாது. ‘அம்மா’ எண்டனி. அது நல்லாத் தெரியும்... படமோ? படம் எடுக்கேல்லையடா. எடுப்பம், எடுப்பமெண்டு... பொறு. பொறு, ஒண்டு இருக்கு."

கம்பிக்காக அதையும் உரக்கவே சொன்னார்.

"அந்தப் பிறப்புப் பத்திரத்தில இருக்கு. நீ பிறக்கேக்க நான் லைன் வேலையாத் தூரத்தில நிண்டன். பதியிற கெடு முடியப் போகுதெண்டு, பிள்ளை பெத்த துடக்குக் கழிஞ்ச அடுத்த நாளே அவ உன்னைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் ஸ்டேசனுக்கு நடந்து போனவ; அப்ப பிறப்புப் பதியிறது அங்கதான். தானே நிண்டு பதிஞ்சவ. கீழ அவவின்ர கையெழுத்து... ஓம், அவ கையால எழுதினது. தமிழில... மடியில கிடந்த நீ காலால பேனையைத் தட்டிப் போட்டியாம். கடைசி எழுத்திலயிருந்து ஒரு கோடு தாளின்ர கரை மட்டும் இழுபட்டுப் போயிருக்கும். வேற தாள் எழுதுவமோ எண்டு அவங்கள் கேக்க, வேண்டாம், அது என்ர பிள்ளையின்ர கையெழுத்தெண்டு சொன்னவ... பரமு?... கேட்டதோ?... ஹலோ?... நோ, மிஸ். நாட் ஃபினிஷ்ட், மிஸ்... ஹலோ..."

இணைப்பு அறுந்துவிட்டது. அவர் குழலைக் கொக்கியில் மாட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு அரைக்கதவைத் தள்ளினார். தம்பு தலை நிமிரவில்லை. விரல்கள் எழுத்துக்கட்டைகள்மேல் இருந்தன. கார்த்திகேசு படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை அந்த அறையில் ஒரு பொறியும் தொடங்கவில்லை.