கர்னலுக்கு ஒரு நாற்காலி

— உக்காரு ஷிரே. ஒட்டகப்பால் டீ ஆறுது. மரத்தடிக் கூட்டம் இப்பத்தான் முடிஞ்சுது.

— டீ கெடக்கட்டும் இகால் அண்ணே! மொகதிஷு பார்லிமெண்டு சீட்டு எனக்கா, இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க.

— உனக்குத்தான். நம்ம குலத்துப் பெரியவங்க அத்தனை பேரும் ஒரே வாயா சொல்லிட்டாங்க.

— ஒரே வாயாவா? யார் ஒட்டகம் மொதல்ல தண்ணி குடிக்கணும்னே ஒத்துப்போகாத கூட்டமாச்சே அது!

— வல்லாஹி, அல்லா மேல ஆணையா, உன் பேரச் சொன்னதும் ஒருத்தர்கூட இருமல.

— கர்னல்னா சும்மாவா! என் சர்வீஸப் பத்திப் பேசினாங்களா?

— பேசாம? 'நம்ம நாலு தொப்பி'ன்னுதான் ஆரம்பிச்சாங்க.

— அந்தப் பட்டப்பேர இன்னுமா விடல?

— நொண்டிய மூஞ்சிக்கு நேரா நொண்டின்னு கூப்புடற ஜனம், உன்ன மட்டும் விட்டுருமா? சர்வாதிகாரிகிட்ட ஒரு தொப்பி போட்ட. அவரு ஆட்டங்கண்டதும் போராளித் தொப்பி. அப்புறம் மொகதிஷு ரோட்டுல கயிறு கட்டி வசூல் பண்ணானுங்களே, அவனுங்க தொப்பி. சமாதானம்னு பேச்சு வந்ததும் சர்க்கார் தொப்பி.

— இத்தன சண்டையில ஒரு தடவையாவது தோத்த பக்கம் நின்னிருக்கேனா? அதச் சொல்லுங்கண்ணே!

— எப்படி நிப்ப? தோக்கறதுக்கு மொத நாளே கெளம்பிருவியே.

— சரி சரி, கிண்டல விடுங்க. அந்தக் கிணத்து விஷயம்... யாரும் கிளறலையே?

— கிளறாம இருப்பாங்களா? நம்ம ஊர்க் கிணத்து மேலயே நீ பீரங்கி விட்ட கதைய ஒரு கெழவன் எடுத்தான். பக்கத்துல இருந்தவன், 'அதுக்குத்தான்யா சொல்றேன், இவனையே அனுப்புவோம்'னுட்டான்.

— பாத்தீங்களா! வீரத்தோட மதிப்பு தெரிஞ்ச மனுசன். மொகதிஷுவுக்குப் போனதும் அவருக்கு ஏதாச்சும் செய்யணும். ஆமா, நீங்க ஏன் மொகத்தத் தொங்கப் போட்டிருக்கீங்க?

— தம்பி, போன தடவ அந்தச் சீட்டுக்கு யார அனுப்புனோம்?

— நம்ம டாக்டர் லிபானத்தான். உங்க புள்ளை... பாவம், ஓட்டல் வாசல்ல குண்டு வெடிச்சு...

— அதுக்கு முந்தி?

— வாத்தியார் ரோப்லே. அவரையும் கார்ல வச்சே... எதுக்குண்ணே இப்ப அதெல்லாம்? நல்ல சேதி சொல்ற நேரத்துல!

— ரெண்டு பேரும் தங்கமான புள்ளைங்கடா. அதான் உன் பேர நானே எந்திரிச்சு சொன்னேன். மூணாவதா ஒரு நல்லவன அனுப்பிப் பறிகொடுக்க ஊருல யாருக்கும் மனசு வரல.