மீனுக்கு மூச்சு முட்டினால்

தங்கமீனுக்குத் தீனியைக் குறைத்துத்தான் போட வேண்டும், ஐயா. பட்டினியில் அது சீக்கிரம் சாகாது. தின்றது போக மிஞ்சியது அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், அதில்தான் சாகும். புதிதாக வளர்க்கிறவர்கள் பாசத்தில் அள்ளிக் கொட்டுவார்கள். நான் கொட்டுவதில்லை.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது தீனதயாளன் சார் தோட்டம். நான் அங்கே காவல். சார் திண்டிவனத்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்ததும் தங்கமீன் குளத்தைத்தான் பார்ப்பார். நானும் என் பெண்டாட்டி பாஞ்சாலியும் மோட்டார் கொட்டகையை ஒட்டிய அறையில் இருக்கிறோம். இங்கே வருவதற்கு முன்னால் செங்கல் சூளையில் வேலை. என் அப்பா சூளையில்தான் செத்தார். பாஞ்சாலிக்கு அங்கேதான் பிள்ளை கலைந்தது. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு எதைக் கண்டு பயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பச்சமுத்து பக்கத்து நிலத்தில் கூலி. நல்ல மனுஷன். மல்லாட்டைக் கடலை அவித்தால் பாஞ்சாலிக்கு ஒரு பிடி கொண்டுவருவான். பயிருக்கு மருந்து அடித்துவிட்டுப் போகும்போது எங்கள் வேலிச் சந்தில் நுழைந்து, முதுகில் மாட்டுகிற மருந்து டேங்கைக் குளத்தில் முக்கி அலசிக்கொண்டு போவான். எல்லாரும் வாய்க்காலில் செய்வதுதான். அவனுக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஒருமுறை அப்படி அலசிய மறுநாள் பாதி மீன் மல்லாந்து மிதந்தது.

சார் கத்தவில்லை. “இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடு, மாசிலாமணி” என்றார்.

பச்சமுத்துவிடம் சொன்னேன். சிரித்தான்.

“இன்னாடா மாப்ள, கொழம்புக்குக்கூட ஆவாத மீனு. அதுக்குப் போயி அழுதுக்கினு கீற.”

“வேணாம் மாமா. எங்க பொழப்பே அதுலதான் கீது.”

“சரிடா, இனிமே வரல. உன் மீனுக்குத் தாலாட்டு பாடிக்கினு இரு.”

அந்த வாரமே டேங்கோடு வந்தான். ஓடிப்போய் விரட்டினேன். அப்புறம் எனக்குத் தூக்கம் இல்லை. குளத்தில் பழுத்த இலை விழுந்தாலும் வயிறு தெரிய மிதக்கிற மீன் மாதிரி இருக்கும். சோற்றை விட்டு எழுந்து ஓடுவேன்.

மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றிக்குக் கம்பி கட்டிக் கரண்டு விடுவார்கள். தப்புதான். நான் குளத்தைச் சுற்றிக் கட்டினேன், மீனுக்குக் காற்று விடுகிற மோட்டாரின் லைனிலிருந்தே. பூனைக்கு என்று ஸ்டேஷனில் உங்களிடம் முதலில் சொன்னேன். பூனை பகலிலா வரும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவன் மருந்தடித்து முடிக்கிற நேரத்துக்குத்தான் கரண்டு விட்டேன். என் பயத்தில் கொஞ்சம் அவனுக்கும் இருக்கட்டும் என்றுதான்.

மத்தியானம் வந்தான். கம்பியோடு சாய்ந்தான். கொக்கு வராமல் வலை கட்டிய இரும்புக் கம்பத்தில் கம்பி பட்டு பியூஸ் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஐயா. பியூஸ் போனபோது பச்சமுத்துவுக்கு உயிர் இருந்தது.

“மாப்ள, காலு வரலடா. தூக்குடா.”

எழுந்தால் சொல்லிவிடுவான். போலீஸ், சார், மறுபடி சூளை. மோட்டாரும் நின்றிருந்தது. வெயிலில் காற்று நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பச்சமுத்துவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான்.

டேங்கில் மருந்து மிச்சம் இருந்தது. குளத்தில் கவிழ்ந்துவிடக் கூடாது என்று அதைக் கழற்ற அவன் தோளைத் தூக்கினேன். காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கையைப் பிரித்துப் படுக்க வைத்தேன். டேங்கைத் தள்ளி வைத்தேன்.

கம்பி கம்பத்தில் பட்டுக்கொண்டிருந்தால் பியூஸ் நிற்காது. காய்ந்த மூங்கிலால் கம்பியை எடுத்து இந்தப் பக்கம் போட்டேன். இந்தப் பக்கம் அவன் மார்பு இருந்தது. “வேணாண்டா” என்றான். கொட்டகைக்குப் போய் பியூஸ் போட்டேன். நழுவி விழுந்தது. எடுத்துத் திரும்பவும் போட்டேன்.

மோட்டார் ஓடியது. குமிழி வந்தது. மீன்கள் கீழே இறங்கின.

மீனுக்காகத்தான் போட்டேன், ஐயா. பாஞ்சாலியை அந்த அறையிலேயே இருக்க விடச் சொல்லி சாரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குளத்தை நான் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு மீன்கூடச் சாகவில்லை.