அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

வீடியோவில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஜன்னல் நமக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது. அதனால் அன்று காலை அம்மாவின் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

வழக்கு எங்கள் பழைய ஊர் கோர்ட்டில் நடந்தது. மாற்றலாகி நான் வேறு மாநிலத்துக்கு வந்தபோது, அக்கா வீட்டிலிருந்த அம்மாவை ஒரு மாதம் என்னோடு இருக்கட்டும் என்று கூட்டி வந்தேன். பிறகு அனுப்ப மனம் வரவில்லை. அம்மாவின் போன் ரிப்பேரில் இருப்பதாக அக்காவிடம் சொன்னேன். அக்கா அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து கதவைத் தட்டியபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். இதைச் சொல்லவே நா கூசுகிறது. அக்கா கோர்ட்டுக்குப் போனதில் தப்பே இல்லை.

அம்மாவுக்கு ஞாபகசக்தி போய்விட்டது, என்னையே காப்பாளராக நியமிக்க வேண்டும் என்று பதில் மனு போட்டேன். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். நானும் அப்படித் தேடுகிறவன்தான் என்பதை மனுவில் எழுதவில்லை. வெளி மாநிலத்திலிருந்து வயதானவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று வக்கீல் கேட்டுக்கொண்டதால் வீடியோவில் ஆஜராக அனுமதி கிடைத்தது. ஆனால் யாரோடு இருக்க விருப்பம் என்று அம்மாவிடமே கேட்பேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

முந்தின நாள் சாப்பிடும்போது நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"கேட்டா உள்ளதத்தான்டா சொல்லுவேன். எனக்கு அவகிட்டப் போகணும். நீ தங்கமான பிள்ளைதான். ஆனா இங்க எனக்கு மூச்சு முட்டுது."

சிறு வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் அவளுக்கு அக்காதான். தலை நரைத்த பிறகும் அது எனக்கு ஆறவில்லை என்பது வெட்கக்கேடு, தெரியும்.

தூக்கம் வராத இரவுகளில் பாதி போடச் சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. மறுநாள் காலைக் காபியில் அதைத் தாராளமாகவே கரைத்தேன். கொஞ்சம் கசக்கிறது என்றாள். இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். அம்மாவின் தலை தோளில் சரிந்து கிடந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். திரையின் மூலையில் அக்கா, "அம்மா, நான்தாம்மா. இங்க பாரும்மா" என்றாள். அம்மா பார்க்கவில்லை. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி நல்லாத்தானேம்மா பாத்துக்கிறாரு" என்று நீதிபதி அவளுக்கு ஆறுதல் சொன்னார். உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தது. துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நன்றி சொன்னேன்.

சாயங்காலம் அம்மா கண் விழித்தாள். கோர்ட்டில் கூப்பிட்டார்களா, அக்கா வந்திருந்தாளா என்று கேட்டாள்.

"கூப்பிட்டாங்கம்மா. அவதான் வரல. உன்னை வச்சுப் பாத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாளாம்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நீயாவது இருக்கியே."

மாத்திரை, மனு, பொய் எல்லாம் நான் செய்தவை. எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. அதை அவள் மனதாரச் சொன்னாள்.