கழுவக் கொடுத்த பதினெட்டு இசைத்தட்டுகள் குறித்து இரண்டாம் முறையாகக் கொடுக்கும் வாக்குமூலம்

பெயர் பரமசிவம், தகப்பனார் மகாதேவன், வயது 47, தொழில் பழைய ரேடியோ, இசைத்தட்டு வாங்கி விற்பது, கடையும் வீடும் புனே கட்கி பஜாரில். மராத்தி பேசுவேன், எழுத வராது. ஆகவே நான் தமிழில் சொல்ல, தமிழ் அறிந்த எழுத்தர் ஐசக் எழுதிக்கொள்கிறார்.

பதினான்கு வயதில் விருதுநகரிலிருந்து தனியாக வந்து, நடைபாதையில் ரேடியோ வால்வு விற்று, பிறகு சொந்தக் கடை போட்டவன் நான். பள்ளி ஆசிரியர் எட்மண்டை ஆறு வருடமாகத் தெரியும். ‘டின் ஹார்பர்’ என்ற இங்கிலாந்து ராக் குழுவின் தட்டுகளை மட்டுமே அவர் சேர்க்கிறார். ரேடியோவில் வராத குழு. பம்பாய்க்கு வரும் கப்பல்காரர்கள் மூலம் பாதித் தட்டுகளை நான்தான் வரவழைத்துக் கொடுத்தேன். ஊசி பட்டால் தேயும் என்று எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்துகொண்டு கேசட்டைத்தான் கேட்பார். தட்டு உறையிலேயே இருக்கும்.

மழைக்காலத்தில் தட்டுகளில் பூஞ்சை பிடிப்பதால், வருடந்தோறும் செப்டம்பரில் எல்லாவற்றையும் என்னிடம் கழுவக் கொடுப்பார். 1985 செப்டம்பரில் பதினெட்டுத் தட்டுகள் கொடுத்தார். நிழலில்தான் உலர்த்த வேண்டும். அன்று தட்டுகளை உலர்த்தும் தாங்கியில் இடம் இல்லாததாலும், வெயில் லேசாக இருந்ததாலும், குழுவின் முதல் தட்டைப் பின்பக்கத் தகரக் கூரையில் துணி விரித்து வைத்தேன். அதன் பிறகு டிரான்சிஸ்டர் வாங்க வந்த பட்டாளத்துக்காரரிடம் பேரம் பேசி நின்றுவிட்டு, திரும்பிப் போய்ப் பார்த்தபோது தட்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

அதே தட்டின் உள்நாட்டு அச்சு, அதாவது இந்தியாவில் தயாரானது, ஒன்று கடையில் இருந்தது. இரண்டிலும் நடுக் காகிதம் ஒரே நிறம். இங்கிலாந்துத் தட்டில் காகிதத்தை ஒட்டிய வழவழப்பான இடத்தில் தட்டின் வரிசை எண்ணைக் கையால் கீறியிருப்பார்கள். உள்நாட்டுத் தட்டில் அது முத்திரையாக இருக்கும். எட்மண்ட் தட்டை வெளியே எடுத்துப் பார்ப்பதில்லை என்று தெரிந்தே உள்நாட்டுத் தட்டை அவருடைய உறையில் போட்டுக் கொடுத்தேன். வளைந்ததைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அதன் பிறகு இந்த ஜூன் 20ஆம் தேதி, பம்பாய் நண்பர் ஒருவருக்குக் காட்ட எட்மண்ட் தட்டை எடுத்தபோது அது உள்நாட்டுத் தட்டு என்று தெரிந்து, அறையைப் பெருக்கும் ஆரோக்கியமேரி மாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்தார். அந்த அம்மாள் அவர் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவர். 23ஆம் தேதி எட்மண்ட் என் கடைக்கு வந்து, “அங்கிள், நீங்க வாஷ் பண்ணிக் குடுத்தப்போ ஒரிஜினல்தானே? ஸ்டேஷன்ல அதை மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார். நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, ஒரிஜினலைத்தான் திருப்பிக் கொடுத்தேன் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். அன்று மாலையே அந்த அம்மாளைக் காவலில் எடுத்தார்கள்.

நேற்று 26ஆம் தேதி காலை அந்த அம்மாளின் கணவர், வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி லூர்துசாமி, கடைக்கு வந்தார். மூன்று நாளாகப் பழைய பேப்பர் கடைகளில் அலைந்ததாகச் சொன்னார். “மேரி ஒத்துக்கினா அண்ணே. ஒத்துக்கினா கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்னு எட்மண்ட் சார் சொன்னாராம். பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்னு சொல்லிட்டா. எந்தப் பேப்பர்காரன்னு கேக்குறாங்க. போட்டிருந்தாத்தானே சொல்றதுக்கு?” என்றார். அதன் பிறகு, “அதே மாதிரி ஒண்ணு பம்பாய்ல கெடைக்குமா? வாங்கிக் குடுங்க, மீட்டுட்டேன்னு குடுத்துடுறேன்” என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்தது. தட்டு கிடைத்தால் எட்மண்ட் அடங்குவார், அந்த அம்மாள் வெளியே வருவார், என் கடைப் பெயரும் கெடாது. பம்பாய்க்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, என் மனைவி சத்தியவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து என் முன்னால் போட்டு, “சரக்கக் கெடுத்தது நீரு. பில்லு அவ பேருலயா? நல்ல யாவாரம்வே” என்றாள். லூர்துசாமி கொண்டுபோய்க் கொடுக்கும் தட்டே அவர் மனைவி திருடியதற்குச் சாட்சியாகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரங்க் காலை ரத்து செய்தேன்.

வளைந்த தட்டைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அதில் கீறியுள்ள எண்ணை எட்மண்ட் தன் தட்டுகளின் எண்களைக் குறித்துவைத்துள்ள நோட்டிலுள்ள எண்ணோடு சரிபார்க்கலாம். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். வழக்கை வாபஸ் வாங்கி அந்த அம்மாளை அனுப்பிவிடலாம் என்று எட்மண்ட் இன்று காலையும் சொன்னார். வாபஸ் வேண்டாம். ஆரோக்கியமேரி எதையும் எடுக்கவில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும்.

எழுதியதை ஐசக் வாசித்துக் காட்ட முழுவதும் கேட்டேன். இதில் உள்ளது நான் சொன்னது, நடந்தது. 23ஆம் தேதி நான் கையெழுத்திட்டுக் கொடுத்தது பொய்.

(ஒப்பம்) ம. பரமசிவம்
27-6-1986